சொறிநாய்க்கும் குணமுண்டு

"நாயைக் கண்டால் கல்லைக் காணோம்; கல்லைக் கண்டால் நாயைக் காணோம்" என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வழங்கும் பழமொழி. அதன் உட்பொருள் எதுவாயினும் ஆகுக. மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, ஓயாது சொறிந்துகொண்டு திரியும் நாயொன்று தென்பட்டுவிட்டால் வன்னி நாட்டிலே கல்லுக்குப் பஞ்சம் ஏற்படுவதில்லை. வீதியோரத்துக் கிரவற் கல் எப்பொழுதும் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கிறது. கிளிநொச்சிச் சந்தையடியிலும், பரந்தன் சந்தியிலும், முல்லைத்தீவுக் கரையோரத்திலும், வவுனியா பஸ் நிலையத்தருகிலும் இக்காட்சியை நாம் கண்டிருக்கிறோம். "குட்டை நாய்" என்று பெயர் சூட்டிக் கல்லெறிந்து துரத்துவதோடு நமது கடமை முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம்.

அந்த நாய் செய்த குற்றந்தான் யாது? கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒரு சிற்றுயிர் அதன் தோலிற் புகுந்து குடியிருக்கிறது, அவ்வளவே. அஃது ஊழ்வினையுமன்று, சாபமுமன்று, விசருமன்று. தக்க மருந்தினால் முற்றாகக் குணமாகக்கூடிய ஒரு நோய். இதனை நாம் அறிந்துகொண்ட விதம் வேதனையானது. அதனை முதலிற் சொல்லிவிடுவது நலம்.

நாம் செய்த பிழை

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் வன்னி மக்கள் ஊர்விட்டு ஊர் இடம்பெயர்ந்து சென்ற காலத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டோம், ஆட்டை அவிழ்த்துவிட்டோம், நாயைத் திரும்பிப் பாராமற் சென்றோம். வவுனியா மெனிக் பாம் முகாமிலே காலங் கழித்துவிட்டு ஊர் திரும்பியபோது, கூரையிழந்த வீடுகளும் புல் மண்டிய வளவுகளுமே நம்மை வரவேற்றன. வளவுகளில் நாய்களும் நின்றன. அவை எவருடையவை என்று சொல்வார் எவருமிலர்.

அவற்றுள் ஒன்று நமது தறப்பாட் கொட்டிலின் வாசலிலே வந்து படுத்துக்கொண்டது. காதோரங்களில் மயிர் இல்லை. முழங்கையும் வயிறும் சாம்பல் படிந்தாற்போல் வெளிறிச் செதில் செதிலாக இருந்தன. இரவு முழுவதும் அது சொறியும் ஓசை கேட்கும். அயலவர் ஒருவர், "பழைய எஞ்சின் ஒயிலைப் பூசிவிடுங்கோ மாஸ்ரர், ரெண்டு நாளிலை மாறிப்போகும்" என்றார். உழவு இயந்திரத்திலிருந்து கழித்த கறுத்த எண்ணெயை வாங்கிவந்து, தலை முதல் வால் வரை நாமே பூசினோம். நாய் அதனை நக்கியது. மறுநாள் வாந்தி எடுத்தது. அடுத்த நாள் எழுந்திருக்கவில்லை. நான்காம் நாட் காலையில் வாசலிலே இறந்து கிடந்தது. நல்லெண்ணத்தோடு செய்த காரியந்தான். ஆயினும் அதன் உயிரைக் கொண்டது நோயன்று, நமது அறியாமையே.

சிற்றுயிரின் வரலாறு

சொறியை உண்டாக்குவது புழுவன்று, தெள்ளுமன்று. சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவான, எட்டுக் கால்களையுடைய ஒரு சிற்றுண்ணி அது. அதன் விஞ்ஞானப் பெயர் சார்கொப்டிஸ். முதிர்ந்த பெண் உண்ணிகூட அரை மில்லிமீற்றர் நீளத்துக்கு மேற்படாது. பெண் உண்ணி தோலின் மேற்படையைக் குடைந்து சுரங்கம் அமைத்து, அதனுள்ளே நாள்தோறும் இரண்டு மூன்று முட்டைகளை இடுகிறது. சில நாட்களில் அவை பொரிக்கின்றன. ஏறத்தாழ மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை நிறைவெய்திவிடுகிறது.

1687ஆம் ஆண்டிலே இத்தாலிய வைத்தியர் பொனோமோவும் மருந்தாளர் செஸ்தோனியும் மனிதச் சிரங்கிலிருந்து இச்சிற்றுயிரை எடுத்து, நுணுக்குக்காட்டியில் வைத்துப் படம் வரைந்து காட்டினர். உடம்பின் நீர்கள் கெடுவதே நோய்க்குக் காரணம் என நம்பியிருந்த அக்கால வைத்திய உலகம் அதனை எளிதில் ஏற்கவில்லை. 1834ஆம் ஆண்டிலே, கோர்சிக்காத் தீவைச் சேர்ந்த ரெனூச்சி என்னும் மாணவர், தம் ஊர்ப் பெண்கள் ஊசிமுனையால் உண்ணியைத் தோண்டி எடுக்கும் முறையைப் பாரிஸ் நகர வைத்தியர்களுக்குச் செய்து காட்டிய பின்னரே ஐயம் நீங்கியது. பண்டிதர்கள் மறுத்ததைக் கிராமத்துப் பெண்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்வார்களாக.

நோயை அறிவது எவ்வாறு?

நாயின் காது விளிம்பு, முழங்கை, பின்னங்காலின் குதி, நெஞ்சு, வயிறு ஆகிய மயிர் குறைந்த இடங்களிலேதான் சொறி முதலில் தோன்றும். சிறு சிவந்த பருக்கள், பின்னர் மஞ்சள் நிறப் பொருக்கு, அதன்பின் மயிருதிர்வு, இறுதியில் யானைத் தோல் போன்ற தடிப்பு என நோய் முற்றிச் செல்லும். அரிப்போ அளவு கடந்தது. உணவையும் உறக்கத்தையும் மறந்து நாய் சொறியும். காதின் விளிம்பை மடித்து விரல்களுக்கிடையே மெல்லத் தேய்த்தால், பின்னங்கால் தானாகவே சொறிவதுபோல் ஆடும். பெரும்பாலான சொறிநாய்களில் இவ்வடையாளம் காணப்படுமாயினும் இதனை மட்டுங்கொண்டு முடிவு கட்டலாகாது.

இரண்டாவது வகைச் சொறியும் உண்டு. டெமோடெக்ஸ் என்னும் நீண்ட உண்ணி மயிர்க்கால்களினுள்ளே வாழ்வது. குட்டி பால் குடிக்கும் முதல் நாட்களிலேயே தாயிடமிருந்து இது தொற்றிவிடுகிறது. நலமுள்ள நாய்களிலும் இது சிறு தொகையாக உண்டு; எத்தீங்கும் செய்வதில்லை. நாயின் எதிர்ப்புச் சக்தி குன்றும்போதுதான் பெருகி நோயாகிறது. கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முன்னங்கால்களிலும் வட்ட வட்டமாக மயிர் உதிரும். தொடக்கத்தில் அரிப்புக் குறைவு. குட்டிகளில் ஓரிரு இடங்களில் மட்டும் தோன்றினால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். வளர்ந்த நாயில் உடலெங்கும் பரவினால், உள்ளே மறைந்திருக்கும் வேறொரு நோயையும் தேடல் வேண்டும். இவ்வகை மனிதருக்குத் தொற்றுவதில்லை.

தெள்ளுக்கடியாலும் படர்தாமரையாலும் இவற்றை ஒத்த தோற்றம் உண்டாகும். ஆதலின் மிருக வைத்தியர் தோலைச் சிறிது சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்க்கிறார். ஆழத்தில் ஒளிந்திருக்கும் சார்கொப்டிஸ் அவ்வாறு பார்க்கும்போதும் பல வேளைகளில் அகப்படுவதில்லை. அடையாளங்கள் பொருந்தினால், உண்ணி காணப்படாவிடினும் வைத்தியர் மருந்து கொடுப்பதற்குக் காரணம் இதுவே.

ஏனைய பிராணிகள்

பூனைக்கு வரும் சொறி வேறோர் உண்ணியால் உண்டாவது. காது விளிம்பிலே தொடங்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பரவும். காதினுள்ளே கோப்பித்தூள் போன்ற கரிய அழுக்குத் திரண்டிருந்தால் அது காதுண்ணியின் வேலை. முயலின் காதினுள்ளே அடுக்கடுக்காகப் பொருக்குக் கட்டுவதும் உண்ணியினாலேயே.

வன்னியிலே ஆடு வளர்க்கும் குடும்பங்கள் பல உள. ஆட்டின் மூக்கு, உதடு, கண்ணோரம், காது ஆகியவற்றிற் பொருக்குத் தடித்தால், அந்த ஆட்டை உடனே பட்டியிலிருந்து பிரித்துவிடுக. மாரியிலே ஆடுகள் கொட்டிலுக்குள் நெருக்கியடித்து நிற்கும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நோய் விரைவில் தாவும். மாட்டிலே வாலடியும் கால்களும் பொருக்கடைவதைக் கவனித்தல் வேண்டும். அரிப்புற்ற பிராணி மேய்வதைவிட மரத்தில் உராய்வதிலேயே பொழுதைக் கழிக்கும், மெலியும், பால் குறையும். இது குடும்பத்தின் வரவைத் தொடும் நோயுமாகும்.

காட்டு விலங்குகளும் தப்புவதில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலே 1994ஆம் ஆண்டு நரிகளிடையே தோன்றிய இந்நோய், சில ஆண்டுகளுள் அந்நகரத்து நரிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றை அழித்துவிட்டது. காட்டை அடுத்த நமது ஊர்களிலே நாயும் நரியும் ஒரே வழியில் நடமாடுகின்றன என்பதை எண்ணிப்பார்த்தல் நன்று.

செய்யத் தகாதவை

கழித்த எஞ்சின் ஒயிலை ஒருபோதும் பூசலாகாது. அதிலே உலோகத் துகள்களும் நச்சுப் பொருட்களும் உள்ளன. புண்பட்ட தோல் வழியாகவும் நாவின் வழியாகவும் அவை உடலுட் செல்கின்றன. மண்ணெண்ணெய் தோலை வேகச் செய்யும். வயலுக்குத் தெளிக்கும் பூச்சிகொல்லி மருந்தைக் கரைத்து ஊற்றுவோரும் உளர். அது நாயையும் கொல்லும், ஊற்றுபவரையும் நோயாளியாக்கும். நாய்க்கென விற்கப்படும் பேர்மெத்ரின் மருந்து பூனைக்கு நஞ்சு. வேப்பெண்ணெய் சிறிது ஆறுதல் அளிக்கலாம். ஆயினும் அதனை மட்டும் நம்பி நாட்களைக் கடத்தலாகாது.

மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசிமருந்தைத் தாமாகவே நாய்க்கு ஏற்றுவதும் ஆபத்தானது. 50 கிலோ நிறைக்கு 1 மில்லிலீற்றர் என்ற அளவில் மாட்டுக்குக் கொடுக்கப்படும் அந்த மருந்து மிகவும் செறிவானது; சிறிய நாய்க்கு ஒரு துளி கூடினாலும் மிகையாகிவிடலாம். கொலி போன்ற சில சாதி நாய்களின் மூளை அம்மருந்தைத் தாங்காது.

செய்யத் தக்கவை

மிருக வைத்தியரை நாடுவதே முதற்காரியம். வடமாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் வன்னியிலும் உள்ளன. அவை ஆடு மாடுகளுக்கு மட்டும் உரியவை என எண்ணி ஒதுங்கிவிட வேண்டா.

சொறிக்கு முற்காலத்தில் கந்தகமே பெருமருந்து. இன்றும் அது பயன்படுகிறது. பெரிய மாற்றத்தை உண்டாக்கியது ஐவர்மெக்டின். யப்பானிய விஞ்ஞானி சதோஷி ஒமுரா தமது நாட்டு மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்தது அது. அமெரிக்காவில் வில்லியம் காம்பெல் அதன் ஆற்றலை ஆராய்ந்தார். 1981ஆம் ஆண்டிலே மிருக வைத்தியத்துக்கு வந்த அம்மருந்து பின்னர் மனிதரின் ஆற்றுக் குருட்டு நோய்க்கும் பயன்பட்டது. 2015ஆம் ஆண்டிலே இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அண்மைக் காலத்தில், புளூரலனர், அஃபொக்சொலனர் போன்றவை குளிகையாகவே வந்துள்ளன. எது தகும், எவ்வளவு தகும் என்பதை நாயின் நிறையையும் வயதையும் பார்த்து வைத்தியரே தீர்மானிக்கவேண்டும்.

வீட்டார் செய்யவேண்டியவை சில உள. ஒரு நாய்க்குச் சொறி வந்தால் அதனோடு பழகும் நாய்கள் அனைத்துக்கும் ஒரே காலத்திற் சிகிச்சை செய்க. படுக்கும் சாக்கையும் துணியையும் கொதிநீரிலிட்டு வெயிலிலே உலர்த்துக. பெரும்பாலான மருந்துகள் முட்டைகளை அழிப்பதில்லை. ஆதலால் அரிப்பு நின்றவுடன் மருந்தை நிறுத்தாது, சொல்லப்பட்ட தவணை முழுவதும் கொடுக்க. வயிறார உணவிடுக, எதிர்ப்புச் சக்திக்கு அதுவும் மருந்தே. மருந்திட்ட ஆடு மாடுகளின் பாலையும் இறைச்சியையும் வைத்தியர் குறிப்பிடும் நாட்கள் வரை உண்ணலாகாது.

பிள்ளைகளுக்குத் தொற்றுமா?

சார்கொப்டிஸ் வகை தொற்றும். நாயைத் தூக்கும் கைகளிலும் வயிற்றிலும் சிறு சிவந்த பருக்கள் தோன்றி அரிக்கும். ஆனால் நாயின் உண்ணி மனிதத் தோலிலே தன் இனத்தைப் பெருக்கி நிலைபெறுவதில்லை. நாய் குணமடைந்தால் பிள்ளையின் அரிப்பும் சில வாரங்களில் அடங்கும். அடங்காவிடின், அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவும் சிரங்காக இருக்கக்கூடும். அப்போது வைத்தியரிடம் காட்டி, குடும்பத்தார் யாவரும் ஒருங்கே மருந்திட்டுக்கொள்ளல் வேண்டும்.

சொறிநாய் வேறு, விசர்நாய் வேறு. எனினும் வீதி நாயைத் தொடுமுன் எச்சரிக்கை தேவை. கடித்தாலும் கீறினாலும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே கால் மணி நேரம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும்.

பாடசாலை வாசலில்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் கற்பிக்கும் கல்லூரியின் வாசலுக்குச் சொறிநாயொன்று வந்து சேர்ந்தது. மாணவர் சிலர் கல்லெறிந்தனர். வேறு சிலர் தம் மதிய உணவிற் பாதியை அதற்கு இட்டனர். உணவிட்ட பிள்ளைகளுள் இருவருக்குக் கையிலே அரிப்பு. முன்னைய நாயின் நினைவு நம்மை விடவில்லை. மிருக வைத்தியர் ஒருவரை அழைத்தோம். அவர் தோலைச் சுரண்டி எடுத்து, நமது ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியிலேயே வைத்து மாணவர்களைப் பார்க்கச் சொன்னார். எட்டுக் கால்களும் உருண்டை உடலுமாக அஃது ஊர்ந்துகொண்டிருந்தது. கல்லெறிந்தவனும் கண்ணை வைத்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

மருந்து கொடுத்தோம். முதல் மாதத்தில் அரிப்பு நின்றது. இரண்டாம் மாத முடிவிலே தவிட்டு நிறத்தில் மயிர் முளைத்தது. பிள்ளைகளின் கைகளும் ஆறின. அந்த மாணவன் பின்னர் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே மிருக வைத்தியம் பயில்வதற்கு என்ன புள்ளி வேண்டும் என்று நம்மிடம் வினவினான்.

இயக்கச்சியிலே சிவபூமி அறக்கட்டளையினர் நாய்களுக்கென ஒரு சரணாலயம் அமைத்தனர். அத்தகைய பெருஞ் செயல் எல்லோராலும் இயலாது. ஆயினும் நமது வாசலுக்கு வரும் ஒரு நாயை வைத்தியரிடம் காட்டுதல் இயலும். வன்னியிலே வைரவர் சூலம் நாட்டாத ஊர் அரிது. அப்பெருமானின் வாகனம் நாய் என்பது நாம் அறிந்ததே. பொங்கல் படைத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது, வாசலிற் சொறிந்துகொண்டு கிடக்கும் நாய்க்கு நாம் எடுப்பது கல்லா, மருந்தா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தமக்குள் பேசித் தீர்மானிப்பதாக.