பழைய ஹெரால்டுக்குப் புது டயர்

சென்னையில் 1961-இல் தயாராகத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்பயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை அமைத்தனர். இரண்டிலும் பின் அச்சு ஒரே வகை: நடுவிலிருந்து ஊசலாடுவது.

இதற்கு ஷாக் அப்சார்பர் வாங்கப் போகிறீர்களா? பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். அதிர்ச்சியை ஏற்பது ஸ்பிரிங்தான். ஷாக் அப்சார்பரோ எண்ணெயைச் சிறு துளை வழியே பிதுக்கி, ஸ்பிரிங்கின் அலைவாற்றலை வெப்பமாக்கி அடக்குகிறது. காரின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் சரி. ஆடிக்கொண்டே இருந்தால் மாற்ற வேண்டியதுதான். மிகக் கடினமானதும் ஆகாது. பேகம்பூரில் ஒரு வேகத்தடையைத் தாண்டினாலே சக்கரம் துள்ளும்; தரையைத் தொடாத டயருக்கு உராய்வு ஏது?

அகல டயர் வேண்டாம். பிடிப்பு கூடினால் நல்லதுதானே என்பீர்கள். இந்த அச்சுக்கு அதுவே வினை! வேகமாகத் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரத்தைத் தரை உள்நோக்கித் தள்ளுகிறது. அவ்விசை மிகுந்தால் காரின் பின்பகுதியைத் தூக்கி, சக்கரத்தை அடியில் மடக்கிவிடும். கார் சுழலும், சில வேளை கவிழும்.

ஆகவே தயாரித்தவர் குறித்த அளவையே வாங்குங்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களையும் படியுங்கள்: 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் கொட்டகையில் கிடந்தாலும் ரப்பர் இறுகும்.