ஏரியைக் கைவிட்ட ஊர்

வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றால் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று அர்த்தம். 2024 அக்டோபரில் மழை வலுக்கும் முன்பே பாலம் நிரம்பிவிட்டது. வேடிக்கைச் செய்தியாகத்தான் பலரும் பார்த்தார்கள். ஒரு ஊர் தன் தெருவை நம்பாமல் போனது இதில் எங்கே வேடிக்கை? கார் இல்லாதவன் எதை எங்கே ஏற்றி நிறுத்துவான்?

தண்டீஸ்வரர் கோயிலில் சோழர் கல்வெட்டு இருக்கிற ஊர் இது. இன்று பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது இடுப்பளவுத் தண்ணீர்.

‘பேரிடர்’ என்கிற சொல்லைக் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். வெள்ளத்தை அது வெளியிலிருந்து வந்த எதிரியாக்குகிறது. 2015, 2023 என்று நாமும் ஆண்டு போட்டு எண்ணுகிறோம். கைவிடுதலுக்கு அப்படித் தேதி போட முடியாது. ஏரி என்றால் கரை, மதகு, கலங்கல், ஆயக்கட்டு, மராமத்துக்கு வருகிற ஆட்கள் எல்லாம் சேர்ந்த ஒரு ஏற்பாடு. வயல் மனையானதும் மதகுக்கு வேலை போயிற்று. வேலை இல்லாத ஏரி அதிகாரத்தின் கண்ணுக்கு வெறும் புறம்போக்கு. சுமார் 265 ஏக்கர் இருந்தது இன்று 55 ஏக்கர் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. தனியார் ஆக்கிரமிப்பு என்று பொதுப்புத்தி சொல்லும். வீட்டுவசதி வாரியத்துக்கும் குடிசை மாற்று வாரியத்துக்கும் ஏரி நிலத்தைப் பிரித்துக் கொடுத்தது அரசேதான்.

பழக்கம் புதிதல்ல. ‘லாங் டேங்க்’ ஏரியை 1920களில் வற்றவைத்து எழுந்ததுதான் தியாகராய நகர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. போய் ஏரியைத் தேடிப் பாருங்கள்.

வேளச்சேரிக்குப் பள்ளம் என்கிற சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இங்கே மிஞ்சும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலைச் சேர வேண்டும். மழையை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடுவது சதுப்பின் வேலை. அதற்குள்தான் பெருங்குடிக் குப்பைமேடு, சுற்றிலும் ஐ.டி. கட்டடங்கள். 2022இல் மிச்சத்துக்கு ராம்சார் தகுதி கிடைத்தது, நல்லதுதான். தண்ணீர் சர்டிபிகேட் பார்த்தா நடக்கும்? போக வழியில்லாமல் பழைய இடத்துக்கே திரும்பி வருகிறது.

கைவிடப்பட்டது ஏரி மட்டுமா? 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைக் குடும்பங்களைப் ‘பாதுகாப்புக்காக’ என்று சொல்லிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? இதே சதுப்பின் தென்பக்கத்தில். வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஊருக்குள் நின்றுவிட்டன. ஏரிக்குள் பத்திரத்தோடு வீடு கட்டியவர் ‘குடியிருப்போர்’. ஆற்றங்கரையில் பத்திரமில்லாமல் இருந்தவர் ‘ஆக்கிரமிப்பாளர்’. இந்த இலக்கணத்தை வெள்ளம் எழுதவில்லை. நகரம் நிலைத்திருக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள், அதில் யார் நிலைத்திருப்பது என்பதை மட்டும் சொல்வதில்லை.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையின்போது, ஃபைவ் பர்லாங் ரோடு அருகே கட்டுமானத்துக்கு வெட்டிய பெரும்பள்ளம் சரிந்து இரண்டு தொழிலாளர்கள் உள்ளே போனார்கள். தண்ணீரை இறைத்து உடல்களை எடுக்க நாட்கள் ஆயின. மழைக்காலத்தில் இங்கே எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வரும் என்பது பழைய வேளச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டுச் செய்கிற வழக்கம் மராமத்தோடு சேர்ந்து போயிற்று.