கூரை கரண்ட்டும் பழைய காரும்: வல்லத்திராக்கோட்டை பக்கத்துக் கணக்கு

மொட்டை மாடியில் சோலார், வாசலில் எலக்ட்ரிக்காக மாற்றிய பழைய கார். கேட்க நல்லாத்தான் இருக்கு. நம்ம ஊர் வீட்டுக்கு இது கட்டுப்படியாகுமா என்று காகிதத்தில் போட்டுப் பார்த்த குறிப்புகள் இவை.

முதலில் வெயில். நம்ம பக்கம் 1 கிலோவாட் பேனல் வருஷ சராசரியில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் 12 யூனிட், ரெண்டு மாச பில் கணக்கில் 720 யூனிட். அதுக்கு 300 சதுர அடி நிழல் விழாத தளம் வேணும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் (2024 பிப்ரவரியில் வந்தது) 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அது போக நம்ம கைக்காசு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வரும் என்று வைத்துக்கொள்வோம்.

இப்ப ஒரு விஷயம் பாருங்க. ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு, 2024 ஜூலைக் கட்டணப்படி பில் சுமார் 1,200 ரூபாய்தான். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 ரொம்ப மலிவு. வருஷத்துக்கு 7,000 ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு லட்சத்துக்கு மேல் போட்டால், முதல் திரும்ப பதினைந்து வருஷம் ஆகும். "சோலார் போட்டா கரண்ட் ஃப்ரீ" என்று விற்க வருகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டாங்க.

அதே வீட்டில் ஒரு எலக்ட்ரிக் கார் வந்தால் கதை மாறிடுது. புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி என்று தினம் 40 கிலோமீட்டர் ஓடுகிற சின்ன கார் என்று வைப்போம். 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்றால் தினம் 6 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 360. வீட்டுச் செலவோடு சேர்த்தால் 760 யூனிட். 500-ஐத் தாண்டினதும் ஸ்லாப் ரேட் ஏறுவதால் பில் சுமார் 4,500 ரூபாய் ஆகிவிடும். அதாவது காருக்குப் போகிற ஒவ்வொரு யூனிட்டும் நமக்கு 9 ரூபாய் சொச்சத்துக்கு வருது. கூரையிலிருந்து 720 யூனிட் வந்தால் இந்தப் பில் மொத்தமும் கரைஞ்சுடும் (நெட் மீட்டருக்கு வாரியம் வாங்கும் கட்டணம் தனி). சோலார் முதல் நாலு நாலரை வருஷத்தில் திரும்பிடும். சோலாரைக் கட்டுப்படியாக்குவது வீட்டு ஃபேனும் ஃபிரிட்ஜும் இல்லை, கார்தான்.

பெட்ரோலோடு ஒப்பிட்டால்? லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற கார் அதே 2,400 கிலோமீட்டருக்கு 160 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்றால் 16,000. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கு. எஞ்சின் அதில் முக்கால்வாசியைச் சூடாக வெளியே விட்டுடும். மோட்டார் அப்படி விடாது. வித்தியாசம் அங்கேதான் பிறக்குது.

அப்ப பழைய காரையே மாத்திடலாமே? எஞ்சினை இறக்கிட்டு மோட்டாரை ஏத்துவது மெக்கானிக்குக்குப் பெரிய வேலை இல்லை. கியர் பாக்ஸை அப்படியே கூட விடலாம். ஆனா பிரேக் பூஸ்டர் எஞ்சினோட உறிஞ்சு சக்தியில் வேலை செய்வது. எஞ்சின் போனால் பிரேக் கட்டையா இறுகிடும், அதுக்குத் தனி வேக்குவம் பம்ப் வேணும். ஏசி கம்ப்ரசர் பெல்ட்டில் ஓடினது, அதுக்கும் மாற்று வழி. 15 யூனிட் பேட்டரி நூறு கிலோவைத் தாண்டும்; அதை டிக்கியில் போட்டால் பின் ஸ்பிரிங் தாங்கணும்.

இதெல்லாம் கூட சமாளிக்கலாம், சட்டம்தான் இடிக்குது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கிட் அந்த மாடலுக்கென்று ஏ.ஐ.எஸ். 123 தரப்படி பரிசோதிக்கப்பட்டு, புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிலையத்தில் ஒப்புதல் பெற்றிருக்கணும். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருளை மாற்றி எழுதணும். அது இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கை கொடுக்கும் என்று நம்ப முடியாது. நம்ம ஊர் ஒர்க்ஷாப்பில் ஆன்லைன் மோட்டாரை வாங்கி மாட்டுவதை அதனால்தான் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஒப்புதல் பெற்ற மாற்றத்துக்கு 5 லட்சம் என்று வையுங்க. மேலே சொன்ன 40 கிலோமீட்டர் காருக்கு வருஷம் 76,000 ரூபாய் மிஞ்சும், ஆறரை வருஷம். ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுக்கிற கார் என்றால் ஆயுசுக்கும் திரும்பாது. அவங்களுக்கு ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டரே போதும்.

கஜாவை மறக்காம ஒண்ணு சொல்லணும். 2018 நவம்பர் 16 அடிச்ச புயலில் நம்ம பக்கம் தென்னையும் போச்சு, கம்பமும் போச்சு. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. குடிதண்ணிக்கே ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து போர் மோட்டாரை ஓட்ட வேண்டியதாச்சு. மானியத்தில் போடுகிற சாதாரண ஆன்-கிரிட் சோலார் அந்த நேரத்தில் உதவாது. லைனில் கரண்ட் இல்லைன்னா இன்வெர்ட்டர் தானே நின்னுடும். கம்பத்தில் வேலை பார்க்கிற லைன்மேன் உயிரைக் காக்கத்தான் அப்படி. நல்ல வெயிலிலும் வீடு இருட்டா கிடக்கும். அதுக்குப் பேட்டரியோட ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேணும், செலவு கூடும். 15 யூனிட் கார் பேட்டரியே ஒரு வீட்டை ரெண்டு நாள் தாங்கும் அளவுதான், ஆனா வெளியே கரண்ட் கொடுக்கிற வசதி அந்த கிட்டில் இருக்கான்னு முதலிலேயே கேட்டுக்கணும்.

பேனல் ஸ்டாண்டைத் தளத்தில் கான்கிரீட் கட்டை போட்டு போல்ட்டில் இறுக்கச் சொல்லுங்க. பக்கத்து வீட்டுத் தென்னை நிழலை காலை 9 மணிக்கும் சாயங்காலம் 3 மணிக்கும் மாடியேறிப் பாருங்க. பேனல்கள் தொடராக இணைந்தவை, ஒரு மட்டையின் நிழல் ஒரு பேனல் மேல விழுந்தாலும் மொத்த வரிசையும் இழுக்கும். இ.பி. கார்டில் எத்தனை கிலோவாட் லோடு என்று போட்டிருக்கு என்பதையும் பாருங்க. போடப்போகிற சோலார் அதைத் தாண்டினால் லோடைக் கூட்டணுமா என்று வாரியத்தில் முதலிலேயே கேட்டுக்கணும்.