பாட்டியின் ஊசியும் பாக்டீரியாவும்

"இந்த மருந்தை எதிலிருந்து எடுக்கிறார்கள்?"

இனி இன்சுலின் ஊசி போட வேண்டும் என்று டாக்டர் கூறியதும் என் பாட்டி கேட்ட முதல் கேள்வி இது. அது பன்றியிலிருந்து எடுப்பது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பிறந்தது முதல் புலால் உண்ணாதவர் பாட்டி. "உயிரே போனாலும் வேண்டாம்" என்று இரண்டு நாள் பிடிவாதமாய் இருந்துவிட்டார். அந்த இரண்டு நாளும் நான் புத்தகங்களைப் புரட்டியதன் பயனே இக்கட்டுரை.

தோழியரே! நாம் உண்ணும் உணவு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அதை உடலின் செல்களுக்குள் சேர்க்க உதவுவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின் என்னும் புரதம். 1921-இல் கனடாவிலுள்ள டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் இதைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சியில் வெற்றி கண்டனர். 1922 ஜனவரியில் சாகும் தறுவாயிலிருந்த லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு மாட்டுக் கணையத்தின் சாறு ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

அதன்பின் ஏறத்தாழ 60 ஆண்டுகள் இன்சுலின் முழுவதும் பன்றி, மாடு இவற்றின் கணையத்திலிருந்தே வந்தது. ஆகவே பாட்டி கேள்விப்பட்டது பொய்யன்று. பழைய செய்தி, அவ்வளவுதான். மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. பன்றியினுடையதில் ஒன்றும் மாட்டினுடையதில் மூன்றும் வேறுபடும். இதனால் சிலருடைய உடல் அம்மருந்தை ஏற்க மறுத்தது.

இனிதான் அதிசயம்! எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற கட்டளை மரபணுவில் இருக்கிறது. நம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வளையல் போன்ற சிறு டி.என்.ஏ. வளையம் உண்டு. அவ்வளையத்தை ஒரு நொதியால் கத்தரித்து, மனித இன்சுலினுக்கான மரபணுவை இடையில் வைத்து, மற்றொரு நொதியால் ஒட்டி, மீண்டும் பாக்டீரியாவுக்குள் செலுத்துகிறார்கள். அதுவும் தனக்கு வந்த கட்டளை என்றெண்ணி மனித இன்சுலினைச் செய்யத் தொடங்கிவிடுகிறது! நல்ல சூழலில் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். பெரிய கலன்களில் கோடி கோடியாய்ப் பெருகும். பிறகு இன்சுலினை மட்டும் பிரித்துத் தூய்மை செய்கிறார்கள். 1978-இல் கலிபோர்னியாவில் இதைச் செய்து காட்டினார்கள். 1982-இல் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு அனுமதி அளித்தது. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான தடுப்பூசியையும் இவ்வாறே ஈஸ்டில் தயாரிக்கிறார்கள்.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். மருந்துப் பெட்டியில் 'மனித இன்சுலின்' என்று அச்சிட்டிருந்ததை அப்பாவும் படித்துக் காட்டினார். பாட்டி சற்று யோசித்தார்.

"ராத்திரி ஒரு கரண்டி உறை ஊற்றினால் விடிவதற்குள் பானைப் பால் தயிராகிறதே, அந்த மாதிரியா?"

"ஆமாம் பாட்டி, அதுவும் பாக்டீரியாதான்."

"இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?" என்று என்னையே கடிந்துகொண்டு, மூன்றாம் நாள் காலை ஊசிக்குச் சம்மதித்தார்.