எடை கூடிய குழந்தை: கவனிக்க வேண்டியது நாக்கையும் வயிற்றையும்

நாலரைக் கிலோவில் பிள்ளை பிறந்தால், திருவொற்றியூரானாலும் எண்ணூரானாலும் முதல் வேலை திருஷ்டி சுற்றிப் போடுவதுதான். பெரும்பாலும் அந்த எடையில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் நாக்கு வாய்க்குள் அடங்காமல் வெளியே தள்ளியிருந்தால், தொப்புள் பிதுங்கியிருந்தால், காது மடலில் கீறல்போல மடிப்போ பின்புறம் சிறு குழியோ தெரிந்தால், ஒரு கை அல்லது கால் மட்டும் பருத்திருந்தால், “பெக்வித்–வீடமன் குறைபாடா டாக்டர்?” என்று கேட்டுவிடுங்கள். சுமார் பத்தாயிரம் பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் பிறவி மிகைவளர்ச்சி இது.

முதல் ஆபத்து பிறந்த சில மணி நேரத்திலேயே வரலாம். ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். பால் குடிக்காமல் துவள்வது, கைகால் நடுங்குவது, வலிப்பு ஆகியவற்றைப் ‘பச்சைப் பிள்ளை, அப்படித்தான்’ என்று விட்டால் மூளை பாதிக்கப்படும். குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் உடனே தெரிந்துவிடும். பிதுங்கிய தொப்புளில் காசு வைத்துக் கட்டவே கட்டாதீர்கள்.

அடுத்தது வயிற்றில். இக்குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குச் சிறுநீரகத்திலோ கல்லீரலிலோ கட்டி வரக்கூடும். தொடக்கத்தில் வலி இருக்காது. பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஏழு, எட்டு வயதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன். முதல் சில ஆண்டுகளுக்கு, கல்லீரல் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனையும் உண்டு. சீக்கிரம் பிடித்த சிறுநீரகக் கட்டியைப் பெரும்பாலும் முழுமையாகக் குணப்படுத்த முடிகிறது. மரபணுச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக ஸ்கேனை நிறுத்தக்கூடாது. சில செல்களில் மட்டும் மாற்றம் இருந்தால் ரத்தத்தில் அகப்படாமல் போகலாம்.

கிரகணத்தில் வெளியே போனாள் என்று தாயைக் குற்றம் சொல்வது கொடுமை. 11ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இயங்கும் விதம் மாறுவதே காரணம். பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. ஆலைப் புகையா என்று கேட்கும் பெற்றோர் உண்டு. 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவையும் அமோனியா கசிவையும் அடுத்தடுத்துப் பட்ட ஊர் எண்ணூர், கேட்கத்தான் செய்யும். ஆனால் புகைக்கும் இதற்கும் தொடர்பு நிறுவப்படவில்லை.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை, ஸ்டான்லி மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை மூன்றும் திருவொற்றியூர், எண்ணூர் பகுதிக்கு எட்டும் தூரத்தில்தான். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிறவிக் குறைபாடுகளுக்கு 18 வயதுவரை இலவசமாகப் பரிசோதித்து மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமே காட்டலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டில் 5 லட்சம்வரை கிடைக்கும். ஆலைத் தொழிலாளி என்றால் இ.எஸ்.ஐ. அட்டையில் பிள்ளையின் பெயரை உடனே சேர்த்துவிடுங்கள்.

சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. கேட்டு வாங்குங்கள். எந்த அறுவைக்கும் முன்னால் மயக்க மருத்துவரிடம் பெரிய நாக்கைப் பற்றிச் சொல்லுங்கள். மூச்சுக்குழாய் விஷயம் அது. அடுத்த ஸ்கேன் தேதியைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வையுங்கள், அதுதான் வீட்டில் தொலையாது.