முதல் ஆளா யார் போறது?

புராஜெக்ட் ரிவ்யூல கோட் ஓடலைன்னா, "நேத்து நைட் வரைக்கும் ஓடுச்சு சார்"னு சமாளிச்சிடுவோம். அந்த டெஸ்ட் ரன்னே ஒரு மனுஷ உடம்புக்குள்ள நடந்தா?

2010-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூன் என்பவரின் குழு அதைத்தான் செய்தது. வழக்கமான சிகிச்சைகள் கைவிட்ட ரத்தப் புற்றுநோயாளிகள் மூன்று பேர். அவர்களுடைய ரத்தத்திலிருந்து டி-செல்களைப் பிரித்தெடுத்தார்கள். நோயை எதிர்க்கும் காவல்காரர்கள் இவை. ஆனால் புற்றுநோய் செல்லை நம்ம வீட்டு ஆள்னு நினைச்சு விட்டுடும். அதனால், முடக்கப்பட்ட ஒரு வைரஸைக் கூரியர் பையனாக்கி, டி-செல்லுக்குள் புது ஜீன் ஒன்றை அனுப்பினார்கள். அது செல்லின் மேல் ஒரு சென்சாரை முளைக்க வைக்கும். சிடி19 என்ற புரதம் உள்ள செல் எதிரே வந்தால், அடி! இதுதான் கார்-டி சிகிச்சை.

இதில் சிக்கல் என்னன்னா, மாத்திரை மாதிரி இது கரைஞ்சு போகாது. உள்ளே போய்ப் பெருகும். ஆஃப் பண்ண ஸ்விட்ச் கிடையாது.

மூவரில் இருவருக்கு நோய் முழுதாக மறைந்தது. பத்து வருஷம் கழித்தும் அந்த செல்கள் அவர்கள் உடம்பில் இருந்தன.

2012-ல் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமி வந்தாள். இந்த சிகிச்சையைப் பெற்ற முதல் குழந்தை அவள்தான். செல்களை ஏற்றிய சில நாளில் கடும் காய்ச்சல், வென்டிலேட்டர். ரத்தப் பரிசோதனையில் ஐஎல்-6 என்ற புரதம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம் இருந்ததால், அதைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்து அவருக்குத் தெரிந்திருந்தது. கொடுத்தார்கள். எமிலி தன் ஏழாவது பிறந்தநாளில் கண் விழித்தாள். 2017-ல் அமெரிக்க அரசு இந்த சிகிச்சைக்கு அனுமதி தந்த அன்றே, அந்த மருந்தையும் இதன் பக்கவிளைவுக்குத் தர அனுமதித்தது.

இங்கேயே கதையை முடிச்சா அது சினிமா. வேறொரு நிறுவனத்தின் கார்-டி சோதனையில் மூளை வீங்கி ஐந்து பேர் இறந்தார்கள். 2017-ல் அது கைவிடப்பட்டது. அவர்களும் கையெழுத்துப் போட்டு வந்த தன்னார்வலர்கள்தான்.

முதல் கட்டச் சோதனை கேட்கிற கேள்வி, "எவ்வளவு டோஸ் வரை உடம்பு தாங்கும்?" என்பது. "நான் பிழைப்பேனா?" என்பது நோயாளியின் கேள்வி. ரெண்டும் ஒண்ணு இல்லை. ஆனா வேற வழியே இல்லாத ஒருத்தருக்கு அந்த வித்தியாசம் காதில் ஏறுமா? படிவத்தை வாசித்துக் காட்டுவதோடு மருத்துவரின் கடமை முடிந்துவிடாது என்பேன்.

இந்தியாவில் 2023-ல் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19, ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கியது. ஆமாங்க, ஒரு இன்ஜினியரிங் கல்லூரி லேப்! அதற்கும் முதல் ஆளாக யாரோ ஒருவர் படுத்தார். 2019 விதிகளின்படி, சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றும் படிவம் சொல்லும். விலகலாம்தான். ஆனா உள்ளே போன செல்லைத் திருப்பி எடுக்க முடியாது.