பிரசவத்துக்கு வரும் பறவைகள்

தீபாவளியன்று உங்கள் வீட்டுக் குழந்தைகளிடம், "இந்த வருஷம் பட்டாசு கிடையாது" என்று சொல்லிப் பாருங்கள். வீடு இரண்டுபட்டுவிடாதா? ஆனால், வேடந்தாங்கல் கிராமத்தில் தீபாவளிக்கு வெடிச் சத்தமே கேட்பதில்லை. காரணம் கேட்டால், ஏரியைக் காட்டுவார்கள். பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் வீட்டில் யாராவது வெடி கொளுத்துவார்களா?

சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில், மதுராந்தகத்துக்கு அருகே இருக்கிறது இவ்வூர். ஏரி ஒன்றும் பிரமாதமாகப் பெரியதல்ல, 74 ஏக்கர்தான். கல்லும் சிமெண்டுமான பெரிய அணை இல்லை. வயலுக்குப் பாய்ச்ச முன்னோர் எழுப்பிய மண் கரைதான் அத்தனை தண்ணீரையும் தாங்கி நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும், நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்கள் பிரசவ விடுதிகளாகிவிடும். சுற்றிலும் தண்ணீர், பூனையும் நரியும் கூட்டை நெருங்க முடியாது. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா எல்லாம் அங்கே குடித்தனம்!

இவை சைபீரியாவிலிருந்து முட்டையிட வருகின்றன என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியல்ல. வடக்கேயிருந்து வரும் வாத்துகள் குளிருக்குத் தப்பி வருபவை. கூடு கட்டுபவை நம் நாட்டுப் பறவைகளே.

இவை இனாமாகத் தங்குவதில்லை. எச்சம் நீரில் விழுந்து, மதகு வழியே வயலுக்கு உரமாகப் போகிறது. அதனால்தான், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் சும்மா இருக்கவில்லை. அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-ல் எழுத்தில் வாங்கினார்கள். ஏரி சரணாலயமானதோ 1936-ல்தான். 2022-ல் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்று, உலகப் புகழ் அடைந்தது.

இத்தனை காவல் இருக்கும்போது கவலை ஏன் என்கிறீர்களா? பறவைகளுக்குப் படுக்கையறைதான் இங்கே, சமையலறை வேறெங்கோ! இத்தனை குஞ்சுகளுக்கு ஓர் ஏரி மீன் போதுமா? தாயும் தகப்பனும் அக்கம் பக்கத்து ஏரி, குளம், நெல்வயல்களுக்குப் பறந்துபோய், மீனும் தவளையும் நத்தையும் கொண்டுவந்து ஊட்டுகின்றன. அந்த ஏரிகளைத் தூர்த்து மனை போட்டாலோ, ஆலைக் கழிவை விட்டாலோ, வேடந்தாங்கலில் காவல் பலமாக இருந்தும் குஞ்சுகள் பட்டினிதான். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலய எல்லை என்று வைத்திருப்பது இதற்காகத்தான். 2020-ல் அந்த எல்லையைச் சுருக்கும் யோசனை எழுந்தபோது, பலத்த எதிர்ப்பும் கிளம்பியது.

மார்கழி, தை மாதங்களில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு நடை போய்வாருங்கள். கரைமேல் நின்று சத்தமில்லாமல் பாருங்கள். திரும்பும் வழியில் பெயர் தெரியாத சின்ன ஏரி எதையாவது கண்டால், குழந்தைகளுக்கு அதையும் காட்டுங்கள். அந்தக் குஞ்சுகளுக்கு உலை கொதிப்பது அங்கேதான்.